தோலுக்கு அடியில் ஒரு பலூன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலோரத்து வீடு ஒன்றில், என் மச்சாளின் மகள் நாலு வயதில் குப்பி விளக்கைத் தட்டி விழுத்தினாள். மண்ணெண்ணெய் தலையில் தெறித்து முடி பற்றிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வலது காதுக்கு மேலே, முடி முளைக்காத மினுங்கல் தழும்பு ஒன்று நிரந்தரமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டுத்தான் போகவேண்டும். ஒரு பின்னல் கைத்தடிப்பு, மற்றது நூல் மாதிரி. அந்த நூல் பின்னலைத் தோளுக்கு முன்னால் விடாமல் எப்போதும் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாள்.

பதின்மூன்று வயதில் அவளே கேட்டாள், இதுக்கு ஒன்றும் செய்ய முடியாதா என்று. கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்துவிட்டு, தழும்புக்குப் பக்கத்திலுள்ள நல்ல தோலுக்கு அடியில் பலூன் வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கி, அங்கே புதுத் தோல் வளர்த்து, பிறகு தழும்பை வெட்டி எடுத்துவிட்டு அந்தத் தோலால் மூடலாம் என்றார். அன்றிரவே மச்சாள் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"மச்சாள், தலைக்குள்ள பலூன் வெச்சா மூளைக்கு ஒண்டும் செய்யாதாகா?"

நான் வைத்தியர் இல்லை, உயிரியல் படிப்பித்தவள். அவளுக்கு அன்று சொன்னதும், அதற்குப் பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்ததும், அந்தப் பிள்ளையோடு கிளினிக் கிளினிக்காக அலைந்து கண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். 'பிளாஸ்ரிக்' சத்திரசிகிச்சை என்றதும் உடம்புக்குள் பிளாஸ்ரிக்கை வைத்துத் தைக்கிறார்கள் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். வடிவமைத்தல், பிசைந்து உருக்கொடுத்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிளாஸ்ரிக் வாளி வருவதற்கு முன்பே அந்தச் சொல் மருத்துவத்தில் இருந்தது. மச்சாளின் மாமியார் இதைக் கேட்ட பிறகுதான் சிகிச்சைக்கே சம்மதித்தார்.

சரி, தழும்பை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் போதாதா? போதும், காயம் மூடும். பெரிய எரிகாயத்தில் உயிரைக் காப்பது அந்தத் தோல் ஒட்டுத்தான். ஆனால் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் கிழிசல் விழுந்தால் வேறு துணியில் ஒட்டுப்போட்டுப் பாருங்கள். கிழிசல் அடைபடும், ஆனால் நிறமும் நெசவும் நான் வேறு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தோலும் அப்படித்தான். தொடைத் தோலின் நிறம் முகத்தில் ஒட்டாது. மெல்லியதாகச் சீவி எடுத்த ஒட்டு காலப்போக்கில் சுருங்கும். முடிவேர் அதோடு வராது. தலையில் அதை வைத்தால் தழும்பு இருந்த இடத்தில் வேறொரு வழுக்கை வரும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதே தறியில் நெய்த துணி. அதாவது தலைத்தோலேதான். தலையிலோ மிச்சமாகத் தோல் கிடையாது. அந்த மிச்சத்தை உண்டாக்குவதுதான் பலூனின் வேலை.

இழுத்தால் தோல் பெருகும் என்பது நம்மிடையே புதிய அறிவு இல்லை. பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைப் பார்த்தால் போதும். தென் தமிழகத்துப் பாட்டிமார் பாம்படம் போட்டுக் காது வடித்ததும் அதே வழிதான். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் காது குத்தும் முறைக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. குத்திய துளையில் திரி வைத்து, மூன்று நாளைக்கு ஒரு தடவை அதைவிடத் தடித்த திரியாக மாற்றி, துளையை மெதுவாகப் பெரிதாக்கச் சொல்கிறது. அறுந்துபோன காது மடலைப் பொருத்துவதற்குப் பதினைந்து வகை முறைகளையும் அதே அத்தியாயம் தருகிறது. கொஞ்சமாக இழு, பொறு, பிறகு இன்னும் கொஞ்சம் இழு. இன்று சத்திரசிகிச்சைக்கூடத்தில் நடப்பதும் இதே ஒழுங்குதான்.

நவீன மருத்துவத்தில் இதை முதலில் செய்து எழுதியவர் அமெரிக்க வைத்தியர் சார்ல்ஸ் நியூமன். காதின் ஒரு பகுதியை இழந்த ஒருவருக்குக் காதை மீட்டமைக்கத் தோல் போதவில்லை. அருகிலிருந்த தோலுக்கு அடியில் றப்பர் பலூன் ஒன்றை வைத்துக் காற்றடித்துப் பெருக்கினார். 1957இல் அதைப் பற்றி எழுதினார். ஏனோ, ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970களின் நடுப்பகுதியில் செடொமிர் ரடோவன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் சிலிக்கன் பையைச் செய்வித்து அதற்குள் உப்பு நீரை ஏற்றினார். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை அகற்றிய பெண்களுக்கு அதைப் பயன்படுத்தினார். அதே காலத்தில் எரிக் ஒஸ்டாட் என்ற இன்னொரு நிபுணர் வேறு வழியில் போனார். உப்பு நிரம்பிய பையை உள்ளே வைத்தால், உப்புக் கூடிய பக்கத்துக்கு நீர் இழுபடும் பிரசாரணம் வழியாக உடம்பின் நீரே உள்ளே புகுந்து பை தானாகப் பெருகும். அழகான யோசனை. ஆனால் ஊசியால் நிரப்பும் பையில் ஒரு வசதி உண்டு. பிள்ளை நோகுது என்றால் நிறுத்தலாம், தேவையென்றால் திரும்ப உறிஞ்சியும் எடுக்கலாம். தானாகப் பெருகும் பைக்குப் பொறு என்று சொல்ல முடியாது. பெரும்பாலான இடங்களில் ஊசிப் பையே நிலைத்ததற்கு இது ஒரு காரணம்.

இப்போது மச்சாள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பலூன் தலைக்குள் போவதில்லை, தலைத்தோலுக்குள் போகிறது. மண்டையோட்டுக்கு மேலே, தலைத்தோலின் உறுதியான அடிப்படலத்துக்குக் கீழே ஒரு பொக்கணம் மாதிரி வெட்டித் திறந்து, அதற்குள் மடித்த சிலிக்கன் பையை விரித்து வைப்பார்கள். பைக்கும் மூளைக்கும் நடுவில் முழு மண்டையோடும் இருக்கிறது. மிகச் சின்னக் குழந்தைகளில் எலும்பு மென்மை என்பதால் பையின் அழுத்தத்தில் கொஞ்சம் பள்ளம் விழுவதுண்டு. பையை எடுத்துச் சில மாதங்களில் அது தானாக நிரம்பிவிடும்.

பையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று போகும். அதன் நுனியில் சின்னப் பொத்தான் மாதிரி ஒரு வாசல் இருக்கும். அதையும் தோலுக்கு அடியிலேயே, பையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பிள்ளை தலை வைத்துப் படுக்காத பக்கமாகப் பார்த்துப் பதிப்பார்கள். அந்த வாசலின் மேல்முகம் ஊசி குத்தினால் தானாக மூடிக்கொள்ளும். அடியில் ஊசி தாண்ட முடியாத தகடு இருக்கும். சத்திரசிகிச்சை நாளிலேயே பையின் கொள்ளளவில் பத்து முதல் இருபது சதவீதம்வரை உப்பு நீர் ஏற்றுவார்கள். வெட்டிய இடத்தில் இரத்தம் தேங்காமலிருக்கவும், பை மடிந்து அதன் முனை தோலைக் குத்தாமலிருக்கவும் அது உதவும். பிறகு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுவார்கள். தையல் ஆறவேண்டும்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி. வாசலைத் தோலின் மேலே விரலால் தடவிக் கண்டுபிடித்து, துப்புரவாக்கி, மெல்லிய ஊசியால் சேலைன் என்ற அந்த உப்பு நீரை ஏற்றுவார்கள். பையின் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, ஆனால் கடைசி முடிவைத் தோல்தான் சொல்லும். இறுக்கம் தாங்க முடியாமல் பிள்ளை முகம் சுளிக்கிறதா, தோல் வெளிறுகிறதா என்று பார்ப்பார்கள். விரலால் அழுத்தினால் வெள்ளையாகும் இடம் ஓரிரு நொடியில் பழைய நிறத்துக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் இரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். உடனே கொஞ்சத்தை உறிஞ்சி எடுப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு 300 மில்லிலீற்றர் பை. மச்சாள் பள்ளிக்கொப்பி ஒன்றில் ஒவ்வொரு வாரக் கணக்கையும் குறித்து வைத்தாள்: முதல் நாள் 40, பிறகு 30, 30, 25, 30 என்று.

இந்த வாரங்களில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

கூத்து மத்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தோலை வார்பிடித்து இறுக்கினால் அது இழுபட்டு நிற்கும். இறுக்கத்தைத் தளர்த்தினால் தளரும், அளவுக்கு மிஞ்சினால் கிழியும். எத்தனை வருடம் இழுத்து வைத்தாலும் அது ஒரு நூலளவுகூட வளராது. உயிருள்ள தோலும் முதல் சில நிமிடங்களுக்கு மத்தளத் தோல் மாதிரித்தான் நடந்துகொள்ளும். உள்ளே சுருண்டு கிடக்கும், கொலாஜன் என்ற புரதத்தாலான நார்கள் நிமிர்ந்து இழுக்கும் திசையில் வரிசைப்படும், நார்களுக்கு இடையிலுள்ள நீர் விலகும், தோல் கொஞ்சம் நீளும். இது வெறும் இழுபடல்.

மறுகா நடப்பதுதான் வளர்ச்சி. தோலின் ஒவ்வொரு கலமும் தன்னைச் சுற்றியுள்ள நார்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நார் இழுபட்டால் பிடியும் இழுபடும், பிடி இழுபட்டால் கலத்தின் உள் எலும்புக்கூடு போன்ற இழைகளும் இழுபடும். கலத்தின் சவ்வில் இழுவைக்குத் திறக்கும் நுண்ணிய கதவுகளும் இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து உட்கருவுக்கு, இடம் போதவில்லை, பிரி என்று செய்தி அனுப்புகின்றன. வளர்ச்சிக் காரணிகள் சுரக்கின்றன, கலம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு வாரத்தில் இறுக்கம் குறைந்து தோல் மறுபடி இளகுவது இதனால்தான். அந்த இளக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஊசி.

தோலின் எல்லா அடுக்கும் ஒரே மாதிரி மாறுவதில்லை. மேற்றோல் தடிக்கிறது. அதற்குக் கீழுள்ள உட்டோல் மெலிகிறது, 30 முதல் 50 சதவீதம்வரைகூட. அது பழைய நிலைக்கு வர இரண்டு வருடம்வரை செல்லலாம். கொழுப்புப் படை அழுத்தத்தில் கரைகிறது, அதில் ஒரு பகுதி திரும்பி வராது. பையைச் சுற்றி உடம்பு ஒரு நார் உறையைக் கட்டுகிறது. வேற்றுப்பொருள் வந்தால் உடம்பு அப்படித்தான் செய்யும். அந்த உறையிலும் அதை ஒட்டிய தோலிலும் புதிய இரத்தக் குழாய்கள் நிறைய முளைக்கின்றன. பெருக்கிய தோலை வெட்டி நகர்த்தும்போது சாதாரணத் தோலைவிட அது நன்றாகப் பிழைப்பதற்கு இந்தக் குழாய்கள்தான் காரணம்.

ஒன்று மட்டும் பெருகாது. முடிவேர். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிவேர்கள். அவ்வளவும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன, பலூன் புதிதாக ஒன்றையும் தராது. அப்படியென்றால் தழும்பு இருந்த இடத்தில் எப்படி முடி வரும்? இருக்கிற முடிவேர்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். நாற்று நடும்போது இடைவெளி கூடினாலும் பயிர் எழும்பிய பிறகு வயல் நிறைந்துதானே தெரிகிறது. தலைத்தோலை ஏறத்தாழ இரண்டு மடங்குவரை பெருக்கினாலும் முடி ஐதாகத் தெரியாது என்கிறார்கள். அதனால்தான் எரிகாயத்தால் வரும் வழுக்கைக்கு இதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை.

போதிய தோல் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தையல்காரரின் நாடாவே போதும். வீக்கத்தின் மேலால் வளைத்து அளந்த நீளத்திலிருந்து அடியின் அகலத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் வரவு. வளைவு 14 சென்ரிமீற்றர், அடி 8 என்றால் வரவு 6. ஆனால் பையை எடுத்தவுடன் தோல் கொஞ்சம் சுருங்கும். 5 சென்ரிமீற்றர் தழும்புக்கு 5 வரவு காணாது. அதனால் எப்போதும் கூடுதலாகப் பெருக்குவார்கள். பையைத் தெரிவு செய்யும்போதே அதன் அடிப்பரப்பு தழும்பைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பது பழக்கத்திலுள்ள விதி. வட்டப் பையைவிடச் செவ்வகப் பை கூடுதல் தோல் தரும்.

இந்த முறையை எல்லாருக்கும் எல்லா இடத்திலும் செய்ய முடியாது. ஆறாத புண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் கிருமி பைக்குள் குடியேறும். கதிர்ச்சிகிச்சை பெற்ற தோல் நன்றாக விரியாது. புகைபிடிப்பவர்களுக்கு இரத்தக் குழாய்கள் சுருங்கித் தோல் செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. தலையில் இரத்த ஓட்டம் தாராளம், அடியில் கெட்டியான எலும்பு, அதனால் தலைதான் மிக வாகான இடம். கால், முக்கியமாக முழங்காலுக்குக் கீழே, சிக்கல் கூடிய இடம். கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் சிதைந்தவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எனக்கும் பலூன் வைக்கலாமா என்று கேட்கும்போது இந்த வேறுபாட்டை யாராவது பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முடியாது என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

தவறு நடந்தால் என்னென்ன நடக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. கிருமித்தொற்று, தோல் மெலிந்து பை வெளியே தெரிதல், பை ஒழுகுதல், உள்ளே இரத்தம் கட்டுதல். பை ஒழுகினால் பயப்படத் தேவையில்லை, உப்பு நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் பையை மாற்ற வேண்டும். வீக்கம் திடீரென்று இறங்கினால், தோல் சிவந்து சுட்டால், காய்ச்சல் வந்தால், தோலில் கருமை படர்ந்தால், எங்காவது நீர் கசிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே போகவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேர்வையும் புழுதியுமாகத் தலை நசநசத்துக்கொண்டே இருக்கும். சொறிய விடாமல் பார்ப்பதே மச்சாளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

இன்னொரு கஷ்டத்தைப் பற்றிக் கிளினிக்கில் அதிகம் பேசுவதில்லை. சரியாகிக்கொண்டு வரும்போதுதான் பிள்ளை பார்வைக்கு மிக மோசமாக இருக்கும். ஆறாவது ஏழாவது வாரத்தில் தலையின் ஒரு பக்கம் தேங்காய்ப் பாதியைக் கவிழ்த்த மாதிரி எழும்பி நிற்கும். இவள் மூன்று வாரம் பள்ளிக்கூடம் போக மறுத்தாள். வகுப்பாசிரியை வீட்டுக்கு வந்து, வகுப்பில் முன்கூட்டியே எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ன நடக்கிறது என்று சொல்லிவைத்திருப்பதாகச் சொன்ன பிறகுதான் போனாள். அந்த ரீச்சரின் வேலையும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். இந்தச் சிகிச்சையில் சத்திரசிகிச்சை இரண்டுதான், பையை வைக்க ஒன்று, எடுக்க ஒன்று. ஆனால் நடுவில் பத்து, பன்னிரண்டு ஊசிகள். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவுக் கோச்சியில் போய், ஐந்து நிமிட ஊசிக்குக் காலையிலிருந்து காத்திருந்து, அடுத்த இரவு திரும்ப வேண்டும். தாய்க்கு இரண்டு நாள் கூலி போகும், பிள்ளைக்கு இரண்டு நாள் பாடம் போகும். அதுவும் பத்து வாரம். சிகிச்சையை நடுவில் விட்டுவிடுபவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பார்க்கவேண்டும்.

ஐந்து நிமிட ஊசிக்குச் சத்திரசிகிச்சைக்கூடம் தேவையில்லை. சுத்தமான கை, மெல்லிய ஊசி, சேலைன், எங்கே நிறுத்த வேண்டும் என்று பழகிய கண், இவ்வளவுதான் வேண்டும். வேறு நாடுகளில் பெற்றோருக்கே பழக்கி வீட்டில் ஏற்ற விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். பொத்துவிலிலிருந்து வரும் பிள்ளைக்கு அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ, வாகரைப் பிள்ளைக்கு வாழைச்சேனையிலோ பழகிய தாதி ஒருவர் ஏற்றிவிடலாம். சந்தேகம் வந்தால் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பிக் கேட்கலாம். எங்கள் பிள்ளைக்கு நாலாவது ஊசியிலிருந்து இப்படித்தான் நடந்தது. கொழும்பு நிபுணர் கடிதம் தந்து, பக்கத்து வைத்தியசாலையில் ஏற்றுவிக்கச் சொன்னார். முதல் நாள் அங்கே ஒருவர் வாசலைத் தேடாமல் வீக்கத்திலேயே ஊசியைக் கொண்டுபோனார். மச்சாள் குறுக்கே கையை வைத்து நிறுத்திவிட்டாள். வீக்கத்தில் குத்தியிருந்தால் பை ஓட்டையாகி எல்லாம் வீண். கடிதத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தது. வாசலின் இடத்தைக் காட்டும் சின்னப் படம் ஒன்றும், தமிழில் நாலு வரியும் இருந்திருந்தால் அந்தத் தாயின் கை நடுங்கியிருக்காது.

காலத்தைத் தெரிவு செய்வதும் நம் பக்கத்தில் முக்கியம். மாரியில் குளங்கள் வான்பாய்ந்தால் படுவான்கரை வீதிகள் எத்தனை நாள் மூடும் என்று 2011 வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும். எங்களுக்கும் ஆறாவது ஊசியோடு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் போக முடியவில்லை. கொப்பியில் அந்த இரண்டு திகதிக்கும் நேரே 'வெள்ளம்' என்று எழுதியிருக்கிறாள். பிள்ளையின் தலை இனி என்ன ஆகுமோ என்று அழுதவளுக்கு நிபுணர் ஃபோனில் சொன்னார், பிந்தினால் ஒன்றும் கெடாது, ஏற்றிய நீர் இருக்கும்வரை வளர்ந்த தோல் வளர்ந்ததுதான், அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு மடங்கு ஏற்றுவதுதான் கெடுதல் என்று. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வார நித்திரை மிஞ்சியிருக்கும்.

குப்பி விளக்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இந்த விளக்குகளால் எரிந்து வருபவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து, 1990களின் தொடக்கத்தில் விளக்கையே மாற்றிச் செய்தார். குட்டையான, பாரமான கண்ணாடிப் போத்தல், விழுந்தாலும் உருளாதபடி தட்டையான பக்கங்கள், திருகி மூடும் உலோக மூடி. 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது என்று சொல்கிறோம். வயல் காவல் பரணிலும் வாடிகளிலும் இன்னும் ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்குகளை நான் காண்கிறேன்.

இரண்டாவது சத்திரசிகிச்சையில் பையை எடுத்து, தழும்பை வெட்டி நீக்கி, வளர்ந்த தோலை இழுத்து மூடினார்கள். நீர் வடியும் குழாய் இரண்டு நாள் இருந்தது. முடி வளர்ந்து தையல் மறைய நாலைந்து மாதம் எடுத்தது. காதுக்கு மேலே விரலகலத்தில் கொஞ்சத் தழும்பு மிச்சம் இருக்கிறது. அதற்கும் இதே இடத்தில் இன்னொரு தடவை பலூன் வைக்கலாம், தோல் மறுபடியும் வளரும் என்கிறார் நிபுணர். மச்சாள் மகளைப் பார்த்தாள். ஓ.எல். சோதனை முடியட்டும் என்றுவிட்டு, அவள் வலது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.